படத்தில் அழுகிறவர்கள் யார்?

ஆயா செத்துப்போன அன்றைக்கு எடுத்த ஒரு போட்டோ எங்கள் வீட்டு பீரோவில், அப்பாவின் பி.எஃப். காகிதங்களுக்கு அடியில் கிடக்கிறது.

வாசலில் சாமியானா. அதற்குக் கீழே பெஞ்சில் ஆயா. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. தலைமாட்டில் அத்தை, ஆயாவின் கன்னத்தில் கையை வைத்து வாயைத் திறந்து அழுகிறார். சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால். பின்னால் சித்தி, பெரியம்மா, ஷூ கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்த இரண்டு பேர். ஓரத்தில் நான், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு.

காரியம் முடிந்ததும் அப்பா அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சுவரில் ஆணி அடிக்கப் போகும்போது அத்தை தடுத்தார்.

"செத்த மூஞ்சிய செவுத்துல மாட்டிக்கினு தெனமும் அழுவறதா? வீட்டுக்கு ஆவாது, எடுத்து உள்ள வையிண்ணா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. "அது கடைசிப் படம்" என்று மட்டும் சொன்னார். கடைசியில் ஜெயித்தது அத்தைதான். ஆதார் அட்டைப் படத்தை ஆம்பூர் ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்து, பின்னால் நீல நிறம் போட்டு, ஆயா வாழ்நாளில் கட்டாத பட்டுப்புடவையை கம்ப்யூட்டரில் கட்டிவிட்டு, சிரிக்கிற மாதிரி ஒரு படம் செய்து மாட்டினோம். அதற்குத்தான் இப்போது மாலை, சீரியல் லைட்டு எல்லாம்.

அதே மாதம் வேலூரில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். கத்தோலிக்கக் குடும்பம். நடுவீட்டில் ஒரு படம். செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய். அதற்குக் கீழே அவர்கள் சாப்பிடுகிறார்கள், டிவி பார்க்கிறார்கள், தங்கச்சி ஹோம்வொர்க் எழுதுகிறாள். யாரும் "வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லவில்லை.

ஒரே பாலாற்றங்கரையில் ஒரு வீட்டில் சாவு வீட்டுப் படம் சாமி படமாக இருக்கிறது, இன்னொரு வீட்டில் அது பீரோவுக்குள் போகிறது. ஏன்? இந்தக் கேள்விதான் என்னை காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஓவியப் புத்தகங்களைத் திறக்க வைத்தது. (அரியர் வந்தால் ஆயாதான் பொறுப்பு :-) )

முதலில் நண்பன் வீட்டுப் படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கத்தோலிக்கக் கோவில்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கச் சுவர்களிலும் வரிசையாகப் படங்களோ புடைப்புச் சிற்பங்களோ இருக்கும். சிலுவைப்பாதை என்பார்கள். மொத்தம் 14 நிலைகள். இந்த 14 என்ற எண்ணிக்கையை 1731இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் உறுதிசெய்தார். தவக்காலத்தில் மக்கள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஜெபித்து நகர்வார்கள். 4ஆம் நிலையில் தாய் மகனைச் சந்திக்கிறாள். 8ஆம் நிலையில் எருசலேம் நகரத்துப் பெண்கள் அழுகிறார்கள். 13இல் உடலைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள், பெரும்பாலும் தாயின் மடியில் கிடத்துகிற மாதிரி வரைந்திருப்பார்கள். 14இல் கல்லறையில் அடக்கம்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. மகனின் உடலைத் தாய் மடியில் போட்டுக்கொண்டு அழுத காட்சி நான்கு நற்செய்தி நூல்களில் எதிலும் இல்லை! சிலுவை அருகே தாய் நின்றாள் என்று யோவான் எழுதியிருக்கிறார். உடலைத் துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்தது இருக்கிறது. நடுவில் அந்த அழுகை மட்டும் இல்லை. அதைப் பிறகு வந்தவர்கள், ஜெபித்தவர்களும் பாட்டுக் கட்டியவர்களும் படம் வரைந்தவர்களும், சேர்த்தார்கள். ஒரு தாய் அழாமலா இருந்திருப்பாள் என்ற ஒரே நியாயம்தான்.

வட மாசிடோனியாவில், ஸ்கோப்யே நகரத்துக்குப் பக்கத்தில் நெரேசி என்ற ஊரில் ஒரு சின்னக் கோவில். 1164இல் கட்டியது. அதன் சுவரில் மரியாள் தரையில் அமர்ந்து, மகனின் உடலைத் தன் உடலோடு இறுக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறாள். புருவம் நெளிந்து கிடக்கிறது. கிட்டத்தட்ட 140 ஆண்டு கழித்து, 1305ஐ ஒட்டி, இத்தாலியில் பாதுவா நகரத்து அரீனா சிற்றாலயத்தில் ஜோத்தோ இதே காட்சியை வரைந்தார். அதில் வானத்துத் தேவதூதர்களும் அழுகிறார்கள். ஒருவர் முகத்தைப் பிடித்துக்கொள்கிறார், ஒருவர் கைகளை விரிக்கிறார். தரையில் இரண்டு பெண்கள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சாவு வீட்டில் முதலில் போய் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்துகொண்டவர்களின் முதுகுதானே பின்னால் வருகிற நமக்குத் தெரியும்? அதே மாதிரி. ஓவியர் நம்மையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்க வைத்துவிட்டார்.

இன்னும் ஒரு படி போனவர் ஹான்ஸ் ஹோல்பைன். 1521-22இல் அவர் வரைந்த இறந்த கிறிஸ்து படம் சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 2 மீட்டர், உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். சவப்பெட்டியை ஒரு பக்கம் திறந்து வைத்த அளவு. தாய் இல்லை, தூதர் இல்லை. திறந்த கண், திறந்த வாய், நிறம் மாறத் தொடங்கிய கை. 1867இல் ருஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி இதன் முன் நின்று நகர முடியாமல் போனதாக அவர் மனைவி எழுதியிருக்கிறார். பிறகு வந்த 'அசடன்' நாவலிலும் அந்தப் படம் வருகிறது.

ஆக, கிறிஸ்தவ ஓவியத்தில் சாமிக்கே சாவு வருகிறது. சாமிக்கே அடக்கம் நடக்கிறது. அதனால் அழுகிறவர்களுக்குச் சாமிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

சரி, நம் கோவில்களுக்கு வருவோம்.

நம் ஊரில் சாவுக்கும் கோவிலுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. தெருவில் சாவு விழுந்தால் உடல் போகிற வரை அந்தத் தெருக் கோவிலைச் சாத்திவிடுவார்கள். பங்காளிகள் தீட்டுக் கழிகிற வரை கோவிலுக்குள் போகமாட்டார்கள். அப்படிப்பட்ட கோவில் சுவரில் சாவு வீட்டுக் காட்சியை எப்படி வரைவார்கள்? வரைந்தாலும் என்ன வரைவார்கள்?

இதற்கு நான் கண்டுபிடித்த நல்ல உதாரணம் தஞ்சாவூர்ப் பெரிய கோவில். 1010இல் ராஜராஜ சோழன் காலத்தில் முடிந்த கோவில். கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய இருட்டுப் பாதை ஓடுகிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்தப் பாதைக்குள் போய்ப் பார்த்தபோது, நாயக்கர் காலத்து ஓவியங்கள் உதிர்ந்த இடத்தில் உள்ளே வேறொரு வண்ணம் தெரிந்தது. 900 வருஷத்துக்கு மேல் பழைய சோழர் ஓவியம்! பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைப் பிய்ந்துபோகாமல் தனியாகப் பெயர்த்தெடுத்து, இரண்டு காலத்து ஓவியங்களையும் காப்பாற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து பூசி அதன் மேல் வரைந்த ஓவியம். எங்கள் ஊரில் சுண்ணாம்பு என்றால் டேனரியில் தோலிலிருந்து முடியை எடுக்கிற சுண்ணாம்புத் தொட்டிதான் ஞாபகம் வரும். அதே பொருள் ஒரு ஓவியத்தை ஆயிரம் வருஷம் பிடித்து வைத்திருக்கிறது என்பதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை.

அந்தப் பாதைக்குள் எல்லோரையும் விடமாட்டார்கள். நாங்கள் டூர் போனபோது படங்களாகத்தான் பார்த்தேன்.

அதில் ஒரு சுவர் முழுக்க சுந்தரர் கதை. சேக்கிழார் பெரிய புராணம் எழுதியது 12ஆம் நூற்றாண்டில். இந்த ஓவியம் அதற்கும் 100 வருஷத்துக்கு மேல் முந்தியது. ஒரு பக்கம் சுந்தரரின் திருமணம் நின்றுபோகிற காட்சி. கிழவர் வேடத்தில் வந்த சிவன், "இவன் தாத்தா எனக்கு அடிமை எழுதிக் கொடுத்திருக்கிறார், இவனும் எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டுகிறார். சபையில் வழக்கு. (பி.காம். மாணவனாக எனக்கு ஒரு சந்தேகம். தாத்தா போட்ட ஒப்பந்தம் பேரனைக் கட்டுப்படுத்துமா? 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இந்த ஓலை ஒரு நிமிஷம் தாங்காது!)

இன்னொரு பக்கம் கதையின் முடிவு. சுந்தரர் வெள்ளை யானை மேல் கைலாயத்துக்குப் போகிறார். அவர் நண்பர் சேரமான் பெருமாள் குதிரை மேல் கூடவே போகிறார். வானத்திலிருந்து பூ கொட்டுகிறார்கள். வாத்தியம் முழங்குகிறது, அரம்பையர் ஆடுகிறார்கள். மேலே சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அழகான ஓவியம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது ஒரு சாவு. மரபுப்படி அப்போது சுந்தரருக்கு வயது 18. என்னை விட மூன்று வயது சின்னப் பையன். திருவாரூரில் பரவை, திருவொற்றியூரில் சங்கிலி என்று இரண்டு மனைவிகள். அவர் புறப்பட்டது இன்றைய கேரளத்தில் இருக்கிற திருவஞ்சைக்களத்திலிருந்து. பரவைக்கும் சங்கிலிக்கும் யார் போய்ச் செய்தி சொன்னார்கள்? அவர்கள் என்ன செய்தார்கள்? ஓவியத்தில் பூ கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழ யாரும் இல்லை. பெரிய புராணம் அந்த இருவரும் கைலாயத்துக்கே திரும்பி, பழையபடி தேவியின் தோழிகள் ஆனார்கள் என்று கணக்கை முடித்துவிடுகிறது.

சுந்தரர் மட்டும் இல்லை. சம்பந்தர் தன் கல்யாணத்தன்றே சோதியில் கலந்தார், அப்போது அவருக்கு 16 வயது என்பார்கள். மாணிக்கவாசகர் சிதம்பரத்தில் மறைந்தார். ஆண்டாள் திருவரங்கத்தில் அரங்கனோடு ஒன்றானாள். நம் அடியார்கள் யாரும் சாவதில்லை, போய்ச் சேர்கிறார்கள். பெரியவர்கள் செத்தால் நாமும் "சிவலோகப் பதவி அடைந்தார்", "வைகுண்டப் பதவி அடைந்தார்" என்றுதானே கருமாதிப் பத்திரிகையில் போடுகிறோம்? உடல் இல்லை என்றால் பாடை இல்லை. பாடை இல்லை என்றால் தலைமாட்டில் அழுகிற மகளும் இல்லை.

இதைப் பார்த்துவிட்டு, சோழ ஓவியருக்கு அழுகையை வரையத் தெரியாது என்றோ வரைய அனுமதி இல்லை என்றோ நான் முடிவு கட்டியிருந்தேன். அது தப்பு.

அதே பாதையில் இன்னொரு சுவரில் திரிபுராந்தகர். மூன்று கோட்டைகளை ஆண்ட அசுரர்களை அழிக்கப் புறப்பட்ட சிவன், தேர் மேல் வில்லோடு நிற்கிறார். எதிரே அசுரர் படை. பயம் இல்லாமல் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கிறார்கள். அந்த அசுரர்களின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று தடுக்கிற மாதிரி, அவர்களுடைய பெண்கள். பயமும் அழுகையும் அந்த முகங்களில் தெரிகின்றன. என்ன நடக்கப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆக ஓவியருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர் துக்கத்தைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் விஷயம். அடியார் வீட்டில் அழுகை இல்லை. அசுரன் வீட்டில் இருக்கிறது. ஜெயிக்கிற பக்கத்தில் பூமாரி, தோற்கிற பக்கத்தில் கண்ணீர்.

இந்தக் கோவிலைக் கட்டியவன் யார் என்று நினைத்துப் பார்த்தால் இது இன்னும் கனக்கிறது. பாண்டிய நாடு, சேர நாடு, இலங்கை என்று படை நடத்திய அரசன். விமானத்தின் மேல் வரிசை மாடங்களில் வில்லேந்திய திரிபுராந்தகர் சிற்பத்தைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். போரில் ஜெயித்த தன்னையே அரசன் அந்தக் கடவுளில் பார்த்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அப்படியானால் அந்த அசுரப் பெண்கள் யார்? மதுரையிலும் அனுராதபுரத்திலும் வீட்டு வாசலில் நின்ற பெண்களா? ஓவியர் அப்படி நினைத்துத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போருக்குப் போகிறவன் தோளைப் பிடித்து இழுக்கிற ஒரு பெண்ணை அவர் எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அந்தக் கை வராது.

இந்திய ஓவியம் முழுக்கவே இப்படியா என்றால், இல்லை. பௌத்தம் வேறு மாதிரி.

அஜந்தா 16ஆம் குகையில் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று, "இறக்கும் இளவரசி" என்ற பெயரில் பிரபலம். கண் பாதி மூடி, தலை சாய்ந்து, தோழி தாங்கிப் பிடிக்க ஒரு பெண். சுற்றிலும் கவலை முகங்கள். பெயர்தான் அப்படி, உண்மையில் அவள் சாகவில்லை. அவள் புத்தரின் தம்பி நந்தனின் மனைவி சுந்தரி. கணவன் துறவியாகிவிட்டான் என்று அவன் கிரீடத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், அவள் சரிகிறாள். துறவைப் போற்றுகிற மதம், தன் குகைக்குள்ளேயே, அந்தத் துறவுக்கு வீட்டில் இருந்தவள் கொடுத்த விலையையும் வரைந்து வைத்திருக்கிறது. பரவைக்கும் சங்கிலிக்கும் தஞ்சையில் கிடைக்காத சுவர் சுந்தரிக்கு அஜந்தாவில் கிடைத்தது.

அங்கேயே 26ஆம் குகையில் புத்தரின் பரிநிர்வாணம். இது கல் சிற்பம், சுமார் 7 மீட்டர் நீளம். புத்தர் படுத்திருக்கிறார். கீழே துறவிகளும் மக்களும் துக்கத்தில் இருக்கிறார்கள். மேலே தேவர்கள் இசையோடு கொண்டாடுகிறார்கள். கைலாயப் பயணமும் சாவு வீடும் ஒரே கல்லில். மேலே இருப்பவர்களுக்கு அது வருகை, கீழே இருப்பவர்களுக்கு அது இழப்பு. இரண்டுமே உண்மை என்று அந்தச் சிற்பி விட்டுவிட்டார்.

சீனாவின் மேற்கு எல்லையில் கிஜில் என்ற இடத்துப் பௌத்தக் குகைகளில் 205ஆம் குகை ஓவியம் இன்னும் விசேஷம். புத்தர் இறந்துவிட்டார். மகத மன்னன் அஜாதசத்துருவிடம் இதை நேரடியாகச் சொன்னால் அதிர்ச்சியில் அவன் செத்துவிடுவான் என்று அமைச்சர் பயப்படுகிறார். என்ன செய்தார்? மன்னனை நெய்த் தொட்டியில் உட்கார வைத்து, ஒரு துணியை விரித்துக் காட்டினார். துணியில் நான்கு படங்கள். புத்தரின் பிறப்பு, ஞானம், முதல் உபதேசம், மரணம். வாயால் சொல்ல முடியாத சாவுச் செய்தியை ஒரு படம் சொன்னது. அந்தத் துணியையும் துணியைப் பார்க்கிற மன்னனையும் சேர்த்தே சுவரில் வரைந்திருக்கிறார்கள். இன்று போனில் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒருவர் போட்டோவைத் தனியாகப் பார்த்ததும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அதற்கு இது மூதாதை.

இப்போது எங்கள் ஊருக்கே வருகிறேன். ஆம்பூர் என்றால் பிரியாணியும் தோலும் மட்டும் இல்லை. ஆம்பூரில் நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டின் இறுதி, நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டு. நுளம்பன் படை வந்து மாடுகளைக் கவர்ந்தபோது எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்த வீரர்களுக்கு எழுத்துப் பொறித்து நட்ட கற்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே படியெடுத்துப் பதிப்பித்துவிட்டார்கள். மாட்டுக்காக உயிரை விட்ட ஊரில்தான் பின்னால் மாட்டுத்தோல் ஊருக்கே சோறு போட்டது.

நடுகல் நம்முடைய மிகப் பழைய துக்கச் சின்னம். தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது. ஆனால் கல்லில் செதுக்கியிருப்பது யாரை? கையில் ஆயுதத்தோடு நிற்கிற வீரனை. சுற்றி அழுகிறவர்களை அல்ல. இங்கேயும் அதே கதைதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு மாதிரி ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல். அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வீரனுக்கு மனைவி உண்டா, தாய் உண்டா, கல் சொல்லவில்லை. செத்தவனை விட்டுப் போகாமல் நின்ற ஒரே உயிராக 1,400 வருஷம் தாண்டி வந்திருப்பது ஒரு நாய்.

அப்படியானால் நம் ஆட்கள் அழவே இல்லையா? அழுதார்கள். இலக்கியத்தில் கையறுநிலை என்று தனித்துறையே வைத்து அழுதார்கள். புறநானூற்றில் அழுதார்கள், சிலப்பதிகாரத்தில் கண்ணகி ஊரைக் கூட்டி அழுதாள், கம்பர் மண்டோதரியை அழவைத்தார். வீட்டு வாசலில் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், மாரடித்தார்கள். பறை அடித்தார்கள். நம்முடைய துக்கம் கண்ணுக்கு அல்ல, காதுக்கு.

பறை என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சாவுக்குப் பறை அடித்தவர்களும் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களும் கோவிலுக்குள் போக முடியாமல் இருந்த நாடு இது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போனது 1939 ஜூலையில். சென்னை மாகாணத்தில் எல்லோருக்கும் கோவில் நுழைவை உறுதிசெய்த சட்டம் வந்தது 1947இல். ஊரின் எல்லா அழுகையையும் யார் தோளில் தொங்கிய கருவி அடித்துச் சொன்னதோ, அவர்களுக்கே கோவில் சுவரில் என்ன வரைந்திருக்கிறது என்று தெரியாது. அழுகை ஓவியத்துக்குள் வராமல் போனதற்குத் தீட்டு ஒரு காரணம் என்றால், அழுகையோடு இருந்தவர்களை வாசலில் நிறுத்தியதும் அதே தீட்டுதான்.

கேமரா வந்த பிறகுதான் நம் வீட்டுச் சாவுக்கு முதல் முறையாகப் படம் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றி மொத்தக் குடும்பமும் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பல வீடுகளில் அந்தத் தாத்தாவுக்கு இருக்கிற ஒரே போட்டோ அதுதான். உயிரோடு இருக்கும்போது ஸ்டுடியோவுக்குப் போகக் காசு இல்லை, செத்த பிறகு கடன் வாங்கியாவது போட்டோகிராபரைக் கூப்பிட்டார்கள். எந்தக் கோவிலும் எந்த அரசனும் வரைய வைக்காத படம். தலைமாட்டில் அழுகிற மகளோடு சேர்த்து எடுத்த படம்.

இப்போது நாம் அதையும் திருத்திவிட்டோம். பட்டுப்புடவை, நீல நிறம், சிரிப்பு. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் என்று போடுகிறோம், பேனரில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. செத்தவர் மேகத்துக்கு நடுவில் நிற்பார். யோசித்தால் அதுவும் வெள்ளை யானைதான்!

அத்தை சொன்னதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தில் அழுகிறது அவர்தான். தன் அழுகையைத் தினமும் பார்க்க அவருக்கு இஷ்டம் இல்லை, அது அவர் உரிமை. மேலே இருப்பவர்களின் கொண்டாட்டத்தை வைத்துக்கொள்ளலாம், கீழே இருப்பவர்களின் துக்கத்தையும் ஒளிக்க வேண்டாம் என்பது நான் அஜந்தாவிலிருந்து எடுத்துக்கொண்டது. வீட்டில் இதைச் சொன்னால் "படிச்சிட்டு வந்து பேசறான் பாரு" என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

போன வாரம் பி.எஃப். காகிதம் ஒன்று வேண்டும் என்று அப்பா பீரோவைத் திறக்கச் சொன்னார். ஃபிரேம் கையில் வந்தது. அத்தையும் அன்றைக்கு வந்திருந்தார். வாங்கி, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பின்னாடி நிக்கிறது யாரு, நம்ம கம்பெனி புள்ளையா? பாவம், ஷிப்ட்ட உட்டுட்டு வந்திருக்குது பாரு" என்றார்.

பிறகு அவரே அதைத் திரும்ப உள்ளே வைத்தார். இந்தத் தடவை காகிதங்களுக்கு மேலே.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறதா? எங்கே வைத்திருக்கிறீர்கள்? முடிந்தால் எழுதுங்கள்.